அடியெடுத்துக் கொடுத்தவள்

கி.பி. 1971ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் நான்காம் நாள், வியாழக்கிழமை. லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் விடியலிலிருந்தே வடமேற்குக் காற்று வீசியது. மழையும் பனியும் கலந்த ஈரக்கூழ் சன்னல்களில் அறைந்து வழிந்தது. ஆடுகள் எழுந்து மேயாமல் கல்சுவர்களின் மறைவில் முதுகைக் காட்டிப் படுத்துக் கிடந்தன. இத்தகைய நாளில் பாராகில் ஊரார் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. ஆயினும் அன்று காலையில் பேருந்து மூன்று முறை வந்து நின்றது. ஒவ்வொரு முறையும் கறுப்பு மேலங்கி அணிந்த ஆண்களும், தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்த பெண்களும் இறங்கினர். எங்கள் சபையின் திருவிருந்து நாள்கள் தொடங்கிவிட்டன. வியாழன் உபவாசம், வெள்ளி சாட்சி, சனி ஆயத்தம், ஞாயிறு பந்தி, திங்கள் நன்றி. இவ்வைந்து நாளும் அயலூர் விசுவாசிகள் எங்கள் வீடுகளில் தங்குவர். அவர்களுக்கு உண்ணவும் உறங்கவும் இடம் தருவது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் கடமை.

எஃபியின் வீட்டில் ஒன்பது பேர் தங்கினர். அவர்களுக்காக முந்தின வாரமே ஓர் ஆடு அறுக்கப்பட்டிருந்தது. பீப்பாயிலிருந்து எடுத்த உப்பு ஹெர்ரிங் மீன் இரண்டு வாளித் தண்ணீரில் ஊறியது. பக்கத்து வீட்டுக்காரனாகிய நான் இரண்டு நாற்காலிகளையும் ஒரு கட்டில் மெத்தையையும் சுவருக்கு மேலாகக் கொடுத்தேன். அவ்வூர்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த எனக்குத் தனியாகச் சமைக்கும் தேவை இல்லாமற் போனது. அவ்வைந்து நாளும் என் உணவும் எஃபியின் மேசையில்தான்.

அவளுடைய கணவர் டோர்மட் நெசவாளர். வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் மிதித்தறி ஒன்று இருந்தது. ஆலை வண்டி சாலையோரத்தில் பாவு நூலையும் ஊடை நூலையும் போட்டுவிட்டுச் செல்லும். அவர் கம்பளித் துணியாக நெய்து அதே இடத்தில் வைப்பார். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு தறியினால் வந்தது அன்று. எங்கள் கோவிலில் இசைக்கருவி கிடையாது. பிரசங்க மேடைக்குக் கீழே ஒரு மரக் கூண்டு உண்டு. அதில் ஒருவர் நின்று, வேதப் பாடலாகிய சங்கீதத்தின் ஒவ்வோர் அடியையும் தனியாக எடுத்துக் கொடுப்பார். சபை முழுவதும் அதை வாங்கி இழுத்துப் பாடும். கடலலை ஒன்று கரைக்கு வந்து திரும்பும் நேரம் ஓர் அடிக்குப் பிடிக்கும். அந்தக் கூண்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்றவர் டோர்மட்.

நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை செயலிழந்தது. பேச்சும் போயிற்று. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். அது 'உப்பு' என்னும் சொல். பசித்தாலும் உப்பு, குளிர்ந்தாலும் உப்பு, மகள் கத்ரீனா கிளாஸ்கோ மருத்துவமனை வேலையிலிருந்து விடுப்பில் வந்து கட்டிப்பிடித்தபோதும் உப்பு. அந்த வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில், ஹாரிஸிலிருந்து வந்திருந்த ஈவன் என்பவர், டோர்மட் மூன்று முறை கேட்டதால் மூன்று முறையும் பணிவாக உப்புக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுத்தார். நான்காம் முறை எஃபி குறுக்கிட்டாள்.

"அவரு உப்பு கேக்கல ஐயா. நீங்க சௌக்கியமான்னு கேக்குறாரு."

"நல்லா இருக்கேன்" என்றார் ஈவன், முகம் சிவந்து. ஈவனும் தம் ஊரில் கூண்டில் நிற்பவர். ஆதலால் டோர்மட்டின் வாயை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆனால் அந்த வாயில் இன்னொன்றும் மிஞ்சியிருந்தது. டிசம்பரில் ஒரு பிற்பகல் எஃபி தறிக் கொட்டகையில் அறுந்த பாவு இழைகளை முடிந்துகொண்டிருந்தாள். வேலையின் சலிப்பில் ஒரு சங்கீதத்தின் முதல் அடியை முணுமுணுத்தாள். மூலையில் போர்வை போர்த்தி அமர்ந்திருந்த டோர்மட் இரண்டாம் அடியை எடுத்தார். சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. ராகத்தின் வளைவுகள் அனைத்தும் பழையபடியே இருந்தன. எஃபி அப்படியே எழுந்து மழையில் ஓடிவந்து என் கதவைத் தட்டினாள். என்ன நடந்தது என்று கேட்டபோது அவளாலும் பேச முடியவில்லை.

பிறகு நாங்கள் அதன் முறையைக் கண்டுகொண்டோம். முதல் அடியை யாரேனும் தொடங்கவேண்டும். அதன் பின் அவர் எடுப்பார். அவர் எடுத்ததை வாங்கிப் பாடுவோர் இருந்தால் அடுத்த அடிக்குப் போவார், இல்லையேல் நின்றுவிடுவார்.

சனவரியில் டோர்மட் மீண்டும் கூண்டில் ஏறினார். எஃபி தன் பழைய இடத்தை விட்டு, கூண்டின் மூலையை ஒட்டிய முன் வரிசைக்கு மாறினாள். போதகர் சங்கீதத்தை அறிவித்ததும் அவள் உதடுகளை மூடிக்கொண்டே ராகத்தைத் தொண்டையில் தொடங்குவாள். அவர் எடுப்பார். சபை வாங்கும். முன் வரிசையைத் தவிர வேறெவருக்கும் அது கேட்டிராது. ஆனால் அனைவரும் அறிவர். அறிந்தும் அறியாதிருப்பது எங்கள் ஊரில் பழைய பண்பு. எங்கள் சபையில் பெண் வாய்விட்டு ஜெபிப்பதில்லை. அடியெடுத்துக் கொடுப்பதும் இல்லை. உதடு மூடிய ஒலியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எவரும் கேட்கவில்லை.

வியாழன் மாலை அந்தக் கேள்வி சமையலறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் எஃபியின் சொந்த அண்ணன் ருவாரி. அவர் எங்கள் சபையின் மூத்த மூப்பர். நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே அடுப்பருகில் அமர்ந்தார். விருந்தினர் அனைவரும் மாலைக் கூட்டத்திற்குப் புறப்பட்டிருந்தனர். நான் அடுப்பெரிக்கும் கரிமண் கட்டிகளைக் கூடையிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எஃபி மாவு பிசைந்தாள்.

"எட்டு வாரமா நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத" என்றார் ருவாரி. "எனக்கு எடது காது மந்தம்னு ஊருக்கே தெரியும். அந்தக் காதத்தான் உன் பக்கம் வச்சிருந்தேன்."

"அப்போ அப்படியே வச்சிரு அண்ணே."

"ஞாயித்துக்கெழமை அஞ்சு சபை மூப்பருங்க வந்து உக்காருவாங்க. அவங்களுக்கு ரெண்டு காதும் நல்லா இருக்கு."

டோர்மட்டுக்கு இந்த ஒரு திருவிருந்துக்கு மட்டும் ஓய்வு தரலாம் என்றும், ஈவன் கூண்டில் நிற்கச் சம்மதிப்பார் என்றும், அதனால் மச்சானுக்கு எந்த இழுக்கும் இல்லை என்றும் ருவாரி நீண்ட நேரம் பேசினார். எஃபி மாவை அடித்துப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அவர அங்கருந்து எறக்குனா அவருல மிச்சம் எதுவும் இருக்காது" என்றாள் கடைசியில். "பேச்சு போச்சு. கை போச்சு. தறி போச்சு. அந்த ஒண்ணுதான் கெடக்கு. அதையும் கேக்குறியே."

கத்ரீனா அதுவரை தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தறி எங்க போச்சு? நவம்பர்லேருந்து அம்மாதான மிதிக்கிறாங்க. அதுக்கு எந்த மூப்பர் கூட்டம் கூடுச்சு மாமா?"

"தறி வீட்டுக் காரியம்."

"ஒம்போது பேருக்கு அஞ்சு நாள் சோறு?"

"அதுவும் வீட்டுக் காரியம்தான்."

"அப்போ பொம்பளைக்குச் சபைக் காரியம்னு ஒண்ணே ஒண்ணு. பேசாம இருக்கிறது."

ருவாரி கோபிக்கவில்லை. அவளைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர் அவர். கிளாஸ்கோவில் பெரிய சபைக்காரர்கள் பெண்களைப் போதகராகவே நிறுத்துகிறார்களாமே, அந்தக் காற்று இங்கேயும் வீசுகிறதா என்று மட்டும் கேட்டார். கத்ரீனா பதிலுக்கு வாய் திறந்தாள். எஃபி அவளை முந்திக்கொண்டாள்.

"மாமாவுக்கு டீ ஊத்து" என்றாள். பிறகு அண்ணனை நோக்கி, மாவு ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அவ சொல்றதுல எனக்குச் சம்மதம் இல்ல. பொம்பள சபையில அடங்கியிருக்கணும்னுதான் நானும் நம்புறேன். வேதத்துல அப்போஸ்தலன் சொன்னத மாத்த நான் யாரு? அதனாலதான் வாயத் தொறக்கல. மூடித்தான் வச்சிருந்தேன்."

ருவாரி தங்கைப் பக்கம் குனிந்தார். "நான் தொடங்கி வைக்கிறேன்" என்றார் திடீரென்று. "ஆம்பளக் கொரல்தான வேணும்? நாளைக்கு வந்து பாக்குறேன். நான் எடுத்துக் குடுத்தா மச்சான் பிடிச்சிக்குவாரு."

இது நல்ல வழி என்று எங்கள் எல்லாருக்கும் தோன்றியது. கத்ரீனாவுக்கும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காற்று தணிந்து, வானம் ஈயத்தகடு போலத் தாழ்ந்து நின்றது. அன்று கோவிலில் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து, மெய்யான விசுவாசியின் அடையாளங்கள் எவை என்று சாட்சி சொன்னார்கள். ஒருவர் மனத்தாழ்மையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தனர், பின்வரிசையில் பெப்பர்மிண்ட் மிட்டாய் கைமாறியது. எஃபி அக்கூட்டத்திற்கு வரவில்லை. ஆட்டுத் தொடை அடுப்பில் இருந்தது.

பிற்பகலில் ருவாரி தறிக் கொட்டகைக்கு வந்தார். டோர்மட் தறியின் அருகே முக்காலியில் அமர்ந்திருந்தார்; எஃபியும் கத்ரீனாவும் நானும் உடன் இருந்தோம். நெய்து முடியாத துணி தறியில் பாதியில் நின்றது. கரும்பழுப்பு நிறம், ஊடே செம்புள்ளிகள். ருவாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பந்திக்கு எழுந்து வரும்போது பாடும் சங்கீதத்தின் முதல் அடியைத் தொடங்கினார். நல்ல குரல்தான், பிழை ஒன்றும் இல்லை. டோர்மட் கவனமாகக் கேட்டார். ஒரு விருந்தாளியின் பாட்டைப் பாராட்டுவது போலத் தலையை அசைத்தார்.

"உப்பு" என்றார்.

ருவாரி மறுபடியும் பாடினார். சற்று மெதுவாகப் பாடினார். சுருதியைக் குறைத்தும் பாடினார். டோர்மட்டின் முகத்தில் பொறுமை மட்டுமே இருந்தது. அந்தத் தீவில் இருவர் ஒரே ராகத்தை ஒரே விதமாகப் பாடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வளைவு, அவரவர் நடுக்கம். டோர்மட்டின் வளைவு இந்தக் கொட்டகையில், தறிச் சத்தத்திற்கு மேலாக, தார்க்குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மனைவியோடு சேர்ந்து பாடிப் பாடி உருவானது. வேறெங்கும் அதற்குப் பிரதி இல்லை.

"நீ பாடு எஃபி" என்றார் ருவாரி. "ஒரு தடவ. எப்படின்னு நான் கேட்டுப் பழகிக்கிறேன்."

எஃபி தயங்கினாள். பிறகு வாய் திறந்து முதல் அடியின் பாதியைத்தான் பாடினாள். டோர்மட்டின் முதுகு நிமிர்ந்தது. கண்கள் எங்கோ தொலைவில் நிலைத்தன. மீதியை அவர் எடுத்தார். அந்தக் குரல் தகரக் கூரையை நிறைத்தது. நானும் கத்ரீனாவும் எங்களை அறியாமல் வாங்கிப் பாடினோம். ருவாரியும் பாடினார். நான்கு அடி முடிந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கைக்குட்டையை எடுத்தார். நெடுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அவர் மனம் இளகிவிட்டது என்றே நாங்கள் எண்ணினோம். அவர் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"நான் இங்க வந்திருக்கக் கூடாது" என்றார். "காதுல விழாத வரைக்கும் நான் சும்மா இருந்தேன். இப்போ நேர்லயே கேட்டுட்டேன். அடி எடுக்கிறது மச்சான் இல்ல, நீதான். இத வச்சிக்கிட்டு நாளைக்கு மூப்பர் கூட்டத்துல நான் எப்படி உக்காருவேன்?"

"அந்த மந்தக் காத வச்சிக்கிட்டு உக்காருங்க" என்றாள் கத்ரீனா.

"ரெண்டு காதாலயும் கேட்டுட்டேன் பிள்ள."

ருவாரி போனபின் எஃபி தறியில் ஏறி மிதிக்கத் தொடங்கினாள். ஊடை நூலை ஏந்திய நாடா இங்கும் அங்கும் ஓடியது. ஒன்பது பேரின் இரவுச் சாப்பாடு அடுப்பில் இருக்க, அவள் துணியின் ஓரம் கோணாமல் நெய்துகொண்டிருந்தாள். எஃபி கோபத்தில் செய்த வேலை எதையும் யாரும் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு முந்தின நாள். ஞாயிறன்று கத்தி எடுப்பதோ கரி சுமப்பதோ கிடையாது. ஆகவே இரண்டு நாளுக்கான உருளைக்கிழங்கைச் சுரண்டி நீரில் போடவேண்டும். கரிக்கட்டிகளை உள்ளே கொண்டுவந்து அடுக்கவேண்டும். ஒன்பது சோடி காலணிகளைத் துடைத்து வைக்கவேண்டும். எஃபி கிழங்குத் தொட்டியின் முன் அமர்ந்திருந்தபோது ருவாரி வந்தார். மூப்பர் கூட்டம் முடிந்திருந்தது.

முடிவு கொடியது அன்று. டோர்மட் கூண்டில் ஏறலாம். எஃபி முன் வரிசையை விட்டுத் தன் பழைய இடத்திற்குச் செல்லவேண்டும். அது கதவுக்கு அருகில், பின்னாலிருந்து மூன்றாம் வரிசை. ருவாரி கூண்டின் பக்கத்தில் அமர்ந்து, தம்மால் இயன்றவரை அடியைத் தொடங்கித் தருவார். டோர்மட் பிடித்துக்கொண்டால் தேவனுக்கு மகிமை. பிடிக்காவிட்டால் ஈவன் எழுந்து பாடுவார்.

"எனக்கு ஒரு வாக்கு வேணும்" என்றார் ருவாரி. "என்ன நடந்தாலும் நீ சத்தம் காட்ட மாட்டேன்னு."

எஃபி கையை ஈரத்திலிருந்து எடுத்து முன்துணியில் துடைத்தாள். விரல்கள் குளிர்நீரில் நீலம் பாரித்திருந்தன. "தர்றேன்" என்றாள்.

ருவாரி தம் சட்டைப்பையிலிருந்து ஈய வில்லை ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பந்தியில் அமரத் தகுதி உள்ளவர்களுக்குச் சபை தரும் வில்லை அது. அதைக் காட்டாமல் எவரும் மேசையில் உட்கார இயலாது.

அவர் வெளியேறியதும் கத்ரீனா தாயின் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா அங்க நின்னு முழிப்பாரு. நீ பாத்துக்கிட்டு இருப்பியா?"

"கண்ண மூடிக்குவேன்."

"அவரு ஒன்னத் தேடுவாரும்மா. ஒன் எடத்துல பாப்பாரு, நீ இருக்க மாட்ட. காரணம் சொன்னாலும் வெளங்காது அவருக்கு."

எஃபி மறுபடியும் கிழங்கை எடுத்தாள். "வெளங்காமலா இருக்கும்? பேச்சுதான் போச்சு, புத்தி போகல. அவரும் இந்தச் சபையில வளந்தவருதான்." அவள் சற்று நேரம் சுரண்டினாள். "அவரு வாய் வழியா தேவன் பாடுறாருன்னு நெனச்சிருந்தேன். என் வாய் வழியாதான்னு தெரிஞ்சதும் பயமா இருக்கு."

ஞாயிறு காலை வானம் தெளிந்து, கடல் அசைவற்றுக் கிடந்தது. பகல் பன்னிரண்டு மணி ஆராதனைக்குக் கோவிலின் மாடி வரிசைகளும் நிறைந்தன. மேடையின் முன்னே நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு, இருபுறமும் பலகை இருக்கைகள். டோர்மட்டின் சட்டைக் கழுத்தைக் கத்ரீனா பொத்தானிட்டு அனுப்பியிருந்தாள். ருவாரி அவரைக் கைத்தாங்கலாகக் கூண்டில் ஏற்றினார். தொடக்கச் சங்கீதங்களுக்கு ஈவனே நின்றார். பிரசங்கம் முடிந்து, பந்திக்கு அழைக்கும் சங்கீதம் மட்டும் டோர்மட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள்.

போதகர் அதை அறிவித்து அமர்ந்தார். டோர்மட் எழுந்தார். எழுந்தவர் கூண்டின் மூலையை, முன் வரிசையின் ஓரத்தைப் பார்த்தார். அங்கே முன்பின் தெரியாத ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். டோர்மட் வாயைத் திறந்தார்.

எதுவும் வரவில்லை. ருவாரி கீழிருந்து மெதுவாக ராகத்தைத் தொடங்கினார். டோர்மட் குனிந்து அவரைப் பார்த்தார். மறுபடியும் முன் வரிசையைப் பார்த்தார். அதன்பின் தலையை உயர்த்தி வரிசை வரிசையாகத் தேடத் தொடங்கினார். வாய் திறந்தபடியே இருந்தது. சபை முழுவதும் தலை குனிந்தது. எங்கள் மக்கள் அவமானத்தைப் பார்ப்பதில்லை. இருமல்கூட எழவில்லை. ருவாரி இரண்டாம் முறை தொடங்கினார். அவர் குரல் நடுவில் உடைந்தது.

நான் எஃபிக்கு ஒரு வரிசை பின்னால் இருந்தேன். அவள் சொன்னபடியே கண்களை மூடியிருந்தாள். கையில் ஈய வில்லையை இறுக்கியிருந்தாள். முன்னால் பலகை கிரீச்சிட்டது. ஈவன் எழுந்துகொண்டிருந்தார். அந்தக் கிரீச்சொலி கேட்டதும் எஃபி வாயைத் திறந்தாள்.

அது முணுமுணுப்பு அன்று. முதல் அடி முழுவதையும், எல்லா வளைவுகளோடும், கதவோரத்திலிருந்து மேடை வரைக்கும் சென்று சேரும்படி அவள் பாடினாள். அந்தக் கோவில் கட்டப்பட்ட நாளிலிருந்து தனித்த பெண்குரல் ஒன்று அதற்குள் ஒலித்தது அதுவே முதல் தடவை. ஒரு கணம், அடுத்து என்ன என்பது எவருக்கும் தெரியவில்லை. ஆனால் எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. அடி எடுத்துக் கொடுக்கப்பட்டால் வாய் தானாகத் திறக்கும். யோசனை பிறகுதான் வரும். மாடியிலும் கீழுமாகச் சில நூறு பேர் அந்த அடியை வாங்கினர். ஐந்து சபை மூப்பர்களும் வாங்கினர். ருவாரியின் வாய் அசைவதை நான் என் கண்ணால் கண்டேன்.

இரண்டாம் அடியை டோர்மட் எடுத்தார். அதன்பின் அவருக்கு எவர் உதவியும் தேவைப்படவில்லை. ஐந்து செய்யுள்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து விழுந்தன. அவர் அதற்கு முன் எப்போதும் அவ்வாறு பாடியதில்லை என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

சங்கீதம் ஒலிக்கும்போதே பந்திக்குரியோர் எழுந்து மேசைக்கு வந்தனர். எஃபி எழவில்லை. டோர்மட்டைக் கூண்டிலிருந்து இறக்கி மேசையில் அமர்த்தினர். அவர் தம் இடப்பக்கத்தில் ஓர் இடம் விட்டு அமர்ந்தார். அது அவள் இடம். மேசை நிறைந்தும் அந்த இடம் காலியாக இருந்தது. அப்போது ருவாரி நடைபாதை வழியாக இறங்கிப் பின்வரிசைக்கு வந்தார். குனிந்து, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"வா எஃபி. யாரும் ஒன்னத் தடுக்கல."

"நான் குடுத்த வாக்கு?"

"அத நான் கேட்டிருக்கவே கூடாது."

"நீ கேட்டது ஒன் கணக்கு. குடுத்தது என் கணக்கு." அவள் வில்லையை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "போ அண்ணே. எல்லாரும் காத்திருக்காங்க."

அப்பத் தட்டு கைமாறி டோர்மட்டிடம் வந்தது. அவர் தமக்கு உரியதைப் பிட்டு எடுத்தார். பிறகு தட்டை இடப்பக்கம் நீட்டினார். காலியான பலகைக்கு மேலே தட்டு நின்றது. அடுத்தவர் கையை நீட்டியும் அவர் தரவில்லை. தட்டை அவர் இறக்கவும் இல்லை. போதகர் காத்திருந்தார். மேசை முழுவதும் காத்திருந்தது. கடைசியில் ருவாரி வந்து அந்தக் காலியிடத்தில் தாமே அமர்ந்து, தட்டை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். எஃபி இம்முறை கண்களை மூடவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் மாலைக்குள் விருந்தினர் விடைபெற்றனர். ஈவன் புறப்படும்போது எஃபியின் கையைப் பற்றி, ஏதோ சொல்ல வந்து, ஆட்டுக் குழம்பு மிக நன்றாக இருந்தது என்று சொல்லிச் சென்றார். கத்ரீனா படுக்கை விரிப்புகளை உருவினாள். நான் என் நாற்காலிகளை எடுக்க வந்தேன். ருவாரியும் வந்தார். அவர் முகத்தில் நல்ல செய்தி கொண்டுவந்தவரின் களைப்பு தெரிந்தது.

காலையில் மூப்பர் கூட்டம் நடந்ததாகச் சொன்னார். நேற்று யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று முடிவாயிற்றாம். "எவனும் வாயத் தொறக்கல. போதகர் ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்தாரு. பிறகு ஜெபம் பண்ணிக் கலைச்சிட்டாரு" என்றார். "வர்ற வாரம் நீ முன் வரிசைக்கே வந்துரு. பழையபடி. வாய மூடிக்கிட்டு."

எஃபி நன்றி சொன்னாள். மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

வீட்டு ஜெப நேரம் வந்தது. மேசையைச் சுற்றி ஐவரும் அமர்ந்தோம். டோர்மட் வழக்கம்போல இடக்கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கவாதத்திற்குப் பின் அவரால் எழுத்தைப் படிக்க முடியாது; ஆயினும் கண்ணாடி இல்லாமல் அவர் சங்கீதம் தொடங்கியதில்லை. ருவாரி வேதத்தின் ஓர் அதிகாரத்தைப் படித்து முடித்தார். சங்கீதத்திற்காக டோர்மட் எஃபியைப் பார்த்தார். வாய் சற்றே திறந்து காத்திருந்தது.

எஃபி வாயைத் திறந்தாள். மூச்சு மட்டுமே வந்தது. கனைத்துக்கொண்டு மறுபடியும் முயன்றாள்.

"வரமாட்டேங்குது" என்றாள்.

"களைப்பு" என்றார் ருவாரி. "அஞ்சு நாள் வேலை. கொஞ்சம் தண்ணி குடி."

"களைப்பில்ல அண்ணே." அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினாள். "நேத்து நான் அவருக்காகத்தான் எழும்புனேன். அது பொய்யில்ல. ஆனா பாடிக்கிட்டு இருக்கும்போது அவரு எனக்கு மறந்துபோச்சு. நீயும் மறந்துபோன. சபையும் மறந்துபோச்சு. என் கொரல் அந்தச் செவுத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு பாரு, அது எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. என் வாழ்க்கையில அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்ல. கல்யாணத்தன்னைக்கும் இல்ல, இவ பொறந்தன்னைக்கும் இல்ல. அதுக்கு எந்தக் கூட்டம் கூடி மன்னிக்கும்?"

"அது தப்பில்லம்மா" என்றாள் கத்ரீனா.

"இருக்கலாம். ஆனா வாயத் தொறந்தா அதுதான் முன்னால வந்து நிக்குது. சங்கீதம் வரல."

ருவாரி எழுந்து அவள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றார். மூத்த மூப்பராகிய அவர், அந்த வீட்டில் ஆண்கள் இருக்கும்போதே, ஒரு பெண்ணைப் பார்த்து அதைச் சொன்னார். "பாடு எஃபி. நான் சொல்றேன். என் பேரால பாடு. மச்சான் காத்துக்கிட்டு இருக்காரு."

அவள் மூன்றாம் முறை முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. உதடுகள் முதல் சொல்லின் வடிவத்தை எடுத்தன. அடுப்பில் கரிக்கட்டி ஒன்று சரிந்த ஒலி மட்டும் கேட்டது. கத்ரீனா அழுகையினூடே ராகத்தைத் தொடங்கிப் பார்த்தாள். அது நகரத்துக் கோவிலின் ராகமாக இருந்தது. டோர்மட் மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எஃபியின் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டோர்மட் தம் வாயை மூடினார். இடக்கையால் கண்ணாடியைக் கழற்றி, ஒற்றைக் கையால் அதன் கால்களை மடக்கச் சிரமப்பட்டார். எஃபி உதவ நீட்டிய கையை மெல்ல விலக்கி, தாமே மடக்கி, கண்ணாடி உறையில் வைத்து மூடினார். அன்று சங்கீதம் இல்லாமலே வீட்டு ஜெபம் முடிந்தது; அப்போது சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு ஐம்பத்திரண்டு.